ஸ்கேன் எடுத்தாச்சு, சதை எடுப்பது எதற்கு?

நான் ஸ்கேன் பிரிவில் வேலை பார்ப்பவள். பெண்களின் கர்ப்பப்பை வாயிலும் சூலகத்திலும் அரிதாக வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கக்கூடிய செல்களில் உருவாகும் கட்டி) பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பெண்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

என் தங்கைக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தும், சோதனைக்குச் சதை (பயாப்ஸி) எடுக்கணும் என்கிறார்கள். ஏன் அக்கா?

கட்டி எவ்வளவு பெரிது, சிறுநீர்ப்பை வரை போயிருக்கிறதா என்பதை எம்ஆர்ஐ காட்டும். ஆனால் படத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் வழக்கமான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சதையில் சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற புரதங்களைத் தேடும் சோதனைகள் செய்தால்தான் இன்னது என்று சொல்ல முடியும். இதில் சிறுசெல் வகை பொல்லாதது. கட்டி சின்னதாக இருக்கும்போதே கல்லீரல், நுரையீரல் என்று போய்விடும். அதனால் இடுப்போடு நிறுத்தாமல் உடல் முழுவதும் படம் எடுப்பார்கள். தேதி கொடுத்தால் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

பெட் ஸ்கேனில் இரண்டு வகையாமே?

ஆமாம். இரண்டிலும் லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்போம். வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அள்ளி விழுங்கும், அதற்குச் சர்க்கரை போன்ற எஃப்டிஜி மருந்து. மெதுவாக வளரும் வகைக்குக் காலியம்-68 டோட்டாடேட். அது அந்தக் கட்டியில் இருக்கும் சோமாடோஸ்டாடின் ஏற்பிகளில் (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களில்) போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காலியத்தின் கதிர்வீச்சு 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். பஸ் தாமதம் என்றால் மருந்து காத்திருக்காது, முன்கூட்டியே கிளம்புங்கள்.

காலையில் மைலோ குடித்துவிட்டு வரலாமா?

எஃப்டிஜி என்றால் கூடாது. 6 மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர்தான். முந்தின நாள் செம்பனைக் குலை தூக்க வேண்டாம், உழைத்த தசையும் மருந்தை இழுத்துக்கொள்ளும். இனிப்புநீர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவுக்குச் சூலகத்தில் கட்டி. முகம் திடீர் திடீரென்று சிவக்கிறது, வயிற்றுப்போக்கும் இருக்கிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் மெதுவாக வளரும் ஒரு வகையான கார்சினாய்ட், செரோடோனின் போன்ற ரசாயனங்களைச் சுரக்கும். குடலில் இருந்தால் கல்லீரல் அதை முறித்துவிடும். சூலகத்து ரத்தமோ கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகிறது. அதனால் எங்கும் பரவாமலே இப்படி வரும். முடியும் கொழுப்பும் உள்ள டெர்மாய்ட் கட்டிக்குள்ளேயே இது ஒளிந்திருப்பதும் உண்டு. ஸ்கேனில் அந்தக் கொழுப்புக்கு நடுவே கெட்டியான பகுதியைத் தேடுவோம். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். இதய எக்கோ தேவையா என்றும் கேளுங்கள், வால்வு கெட வாய்ப்புண்டு.

பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல் சோதனை) நல்லபடியாக வந்தது. பயமில்லையே?

இந்த வகை அதில் தப்பிவிடலாம். மாதவிடாய்க்கு இடையில் ரத்தம் பட்டால் உடனே கிளினிக் போங்கள். கர்ப்பப்பை வாயில் வரும் வகைக்குப் பின்னால் பெரும்பாலும் எச்பிவி கிருமிதான், அதிலும் 18, 16 என்ற இனங்கள். அதற்கான ஊசி 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அக்கா.