நுனியைக் கிள்ளி நாக்கில் வையுங்கள்: காய்கனிக் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருஷம் விடுதிச் சமையலறையில் கரண்டி பிடித்தவள் நான். இன்று மாலை ஓய்வு, அதனால் கேளுங்கள். பருவத்தில் வருகிற காய், பழம், அதை வீட்டில் சுலபமாகச் சமைப்பது, இவ்வளவுதான் என் எல்லை.

புதுக்கரண்டி: அக்கா, வெண்டைக்காய் வதக்கினால் கோந்து காய்ச்சியது மாதிரி ஆகிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கழுவிய கையோடு நறுக்கியிருப்பீர்கள். அந்த வழவழப்பு தண்ணீரில் கரைந்து பெருகுகிற சமாச்சாரம். ஈரம் பட்டால் ஊறிக்கொண்டே போகும். முழுக் காயாகக் கழுவி, துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கத்தியும் பலகையும்கூட உலர்ந்திருக்கட்டும். துண்டு கொஞ்சம் பெரிதாக இருந்தால் வெட்டுப்பட்ட இடம் குறையும், பசையும் குறையும்.

அகலமான வாணலி, சூடான எண்ணெய், ஒரே அடுக்காகக் காய். மூடவே கூடாது. முதல் ஐந்து நிமிடம் கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வரும். இங்கேதான் எல்லோரும் பயந்து தண்ணீர் தெளிக்கிறார்கள், இல்லை கிளறித் தள்ளுகிறார்கள். இரண்டும் வேண்டாம், சும்மா விடுங்கள். நூல் மெலிந்து அறுந்துபோகும். ஈரமாகப் புஸ்ஸென்று கேட்ட சத்தம் காய்ந்த சடசடப்பாக மாறும், ஓரம் பழுப்பாகும். உப்பு அப்போதுதான், ஏனென்றால் முதலிலேயே போட்டால் அது உள்ளே இருக்கிற நீரை வெளியே இழுத்துவிடும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் வழவழப்பைக் குறைக்கும்.

மாடித்தோட்டம்: போன வருஷக் காயிலிருந்து எடுத்த விதையில் முளைத்த சுரைக்காய் லேசாகக் கசக்கிறது. உப்புப் போட்டுப் பிசைந்து கழுவினால் சரியாகுமா?

ஆகாது. தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் காட்டுச் சுரையோ அலங்காரச் சுரையோ இருந்து மகரந்தம் கலந்திருந்தால், சேமித்த விதையில் இப்படிக் கசப்புக் காய் வரும். கசப்புக்குக் காரணம் குக்குர்பிடசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினி என்ற பூசணி இனக் காயைக் கசப்போடு சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். சுரை, வெள்ளரி, பீர்க்கு, பூசணி எதுவானாலும் நறுக்கும் முன் நுனியைக் கிள்ளி நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள்.

பசித்தவன்: அப்படியென்றால் பாகற்காய்?

அது கசக்கத்தான் வேண்டும் தம்பி. கசக்கக் கூடாத காய் கசப்பதைத்தான் சொல்கிறேன்.

பழக்கூடை: காயாக வாங்கிவிட்ட மாம்பழம், திராட்சை, அன்னாசி எல்லாவற்றையும் வீட்டில் பழுக்கவைக்கலாமா?

மாம்பழம் பழுக்கும். வாழை, பப்பாளி, சப்போட்டா, தக்காளி ஆகியவையும் பறித்த பிறகு பழுக்கிற ஜாதி. நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வைத்தால், அது விடுகிற எத்திலீன் வாயுவில் சீக்கிரம் பழுக்கும். திராட்சை, அன்னாசி, ஆரஞ்சு, மாதுளை இவற்றுக்குச் செடியில் வந்த இனிப்புதான் கடைசி இனிப்பு. வைத்திருந்தால் வாடும், இனிக்காது. புளித்த திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிவிடுங்கள்.

அவசர அடுப்பு: கீரை வெந்ததும் கருத்துப்போகிறது. ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடச் சொல்கிறார்களே?

போட்டால் பச்சை நிற்கும், கீரை கூழாகும், பி1 வைட்டமின் அழியும், சோப்பு வாசனையும் ஒட்டிக்கொள்ளும். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூட்டில் கீரையிலிருந்தே வெளிவருகிற அமிலம் அதைத் தள்ளிவிடும்போதுதான் நிறம் மங்குகிறது. மூடியைத் திறந்து வையுங்கள், அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும்.

பழைய பானை: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். திறந்து வைத்தால் சத்தெல்லாம் ஆவியில் பறந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மூடித்தான் வேகவைக்கிறோம்.

மூன்று தலைமுறையும் நன்றாக இருக்கட்டும். ஆனால் வைட்டமின் சி ஆவியாகிப் பறக்காது. தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். நீங்கள் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால் சத்து அங்கேதான் போகிறது.

பழைய பானை: நான் தண்ணீர் கொட்டுவதே இல்லை. கைப்பிடித் தண்ணீர்தான் விடுவேன். மூடினால் சீக்கிரம் வேகும். நேரம் குறைந்தால் சூடும் குறைவுதானே?

தாளிப்பு: பானை சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா!

அவசர அடுப்பு: நான் கேட்டது நிறத்தைப் பற்றி…

சரி, வாயால் பேசி என்ன பயன்? ஒரே கட்டுக் கீரையை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாத்திரத்திலும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, இப்போதுதான் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். நாலாவது நிமிடம் இரண்டும் ஒரே பச்சை, வித்தியாசமே இல்லை. மூடியது மட்டும் தண்டு வரை வெந்திருந்தது. திறந்ததில் தண்டு இன்னும் நறுக்கென்றிருந்தது, தண்ணீரும் வற்றி அடியில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டது. விடாமல் எட்டு நிமிடம் வைத்தேன், திறந்ததில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டு. மூடியது காக்கிச் சட்டை நிறத்துக்குப் போய்விட்டது. திறந்தது மங்கினாலும் கீரை என்று சொல்லும்படி இருந்தது. ஆகவே அவசர அடுப்புக்குப் பதில்: நாலு நிமிடத்தில் இறக்குவதானால் மூடலாம். அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசுகிற ஆள் என்றால் திறந்தே வையுங்கள். பானைக்குப் பாதி மார்க்.

பழைய பானை: பாதிதானா?

மூன்று தலைமுறையைச் சாட்சிக்கு இழுத்ததற்குப் பாதி கழித்தேன்.

சின்ன வெங்காயம்: உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் கடுக்கென்றே இருக்கிறது. தக்காளியோடு சேர்த்துத்தான் வைக்கிறேன்.

அதுதான் காரணம். புளிப்பில் காய் இளகாது. கிழங்கு வெந்த பிறகு தக்காளி போடுங்கள். தோல் பச்சையாகிப்போன கிழங்கு மட்டும் வேண்டாம், அதில் சொலனின் என்ற நச்சு கூடியிருக்கும்.

இனிப்புப் பிரியை: கொய்யா ஜாம் இறுகவே இல்லை. பழம் கனிந்து குழைந்திருந்தது.

கனிந்துவிட்டால் இறுகவைக்கிற பெக்டின் குறைந்துவிடும். நாலில் ஒரு பங்கு செங்காயாக இருக்கட்டும், எலுமிச்சைச் சாறும் பிழியுங்கள். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம்.

நளன்: வெண்டைக்காய் கொழகொழவென்று…

முதல் கேள்வி.

ஓட்டப்பந்தயம்: எடை குறைய எந்தக் காய் நல்லது?

உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

பூண்டுப்பல்: பச்சைப் பூண்டை உரித்து எண்ணெயில் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாமா?

கூடவே கூடாது. காற்றுப் படாத, புளிப்பில்லாத இடம் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான நச்சுணவு நோயைத் தரும் கிருமிக்கு மெத்தை போட்ட மாதிரி. வாசனையோ நிறமோ மாறாது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளிர்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வெள்ளரிப் பிஞ்சு: வெள்ளரிக்காய் ரொம்பக் கசக்கிறது, தயிர் சேர்த்தால்…

மூன்றாவது முறை சொல்லவைக்காதீர்கள். குப்பை.

நளன்: முதல் கேள்வியைப் படித்தேன். வெண்டைக்காயை நறுக்கிய பிறகு கழுவினால்?

தம்பி!

பழைய பானை: நானும் இப்போது இரண்டு பாத்திரம் வைத்துப் பார்த்தேன். நிறம் நீங்கள் சொன்னபடியேதான். ருசி மட்டும் மூடியதில்தான் இருக்கிறது.

ருசி உங்கள் நாக்கு, அதில் நான் நுழைய மாட்டேன். இங்கே எட்டு நிமிடக் கீரை இரண்டு கிண்ணம் மீந்திருக்கிறது. காக்கியைத்தான் வீட்டில் முதலில் காலி செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.