கார் கூரையில் கேரியர்: கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய எண்

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து): அண்ணாச்சி, எங்களிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக் கார், கூரையில் ரெயில் (கேரியர் மாட்டுகிற நீளவாட்டுக் கம்பி) எதுவும் கிடையாது. மே மாசம் நானும் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவுமாகப் பழனி போய்விட்டு அப்படியே கொடைக்கானலில் மூன்று நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தாலே நிறைந்துவிடுகிறது. கூரைக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கவா, இரும்புக் கூடை மாதிரி கேரியர் வாங்கவா, ஆன்லைனில் வருகிற துணிப்பையே போதுமா?

பதில்: தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் காரோடு கொடுத்த கையேட்டை எடுங்கள். கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் ஒரு எண் இருக்கும், சில கார்களுக்குக் கூரையில் எதுவுமே ஏற்றாதே என்றும் போட்டிருப்பான். அப்படிப் போட்டிருந்தால் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். எண் இருந்தால், உதாரணத்துக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அது சாமானுக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை, கேரியரின் எடையும் சேர்ந்தது. கேரியரைத் தாங்கக் கூரையில் மாட்டுகிற குறுக்குக் கம்பி இரண்டும் 5 கிலோ, மேலே வைக்கிற கூடை 15 கிலோ என்றால் உங்களுக்கு மிச்சம் 30 கிலோதான். கடையில் 'நூறு கிலோ தாங்கும் சார்' என்று சொல்வது கேரியர் தாங்குகிற அளவு, உங்கள் கார் கூரை தாங்குகிற அளவு இல்லை. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது உங்கள் மூன்று சாமானுக்கும் வருவோம். பிளாஸ்டிக் பெட்டி நல்ல பொருள், சந்தேகமே இல்லை. மழை புகாது, பூட்டலாம், காற்றுக்கும் வாகாக இருக்கும். ஆனால் வெறும் பெட்டியே 15, 20 கிலோ வரும், தூலே மாதிரி வெளிநாட்டுப் பெயர் போட்டதை வாங்கினால் குறுக்குக் கம்பியோடு சேர்த்து விலை பல பத்தாயிரம் போகும், வருஷத்தில் மிச்ச நாள் எல்லாம் அந்த ஆள் நீளப் பெட்டியை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். வருஷத்துக்கு நாலைந்து தடவை நெடும்பயணம் போகிறவர்களுக்குச் சரி. உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

இரும்புக் கூடைக்கு எடை ஒரு பிரச்சினை, தார்பாய் இன்னொரு பிரச்சினை. தார்பாய் கட்டுவது லேசான வேலை இல்லை தம்பி. ஒரு தடவை கயத்தாறு தாண்டிப் போகும்போது மேலே படபடவென்று ஒரு சத்தம், ஓரம் கட்டிப் பார்த்தால் தார்பாயின் முன்பக்க விளிம்பு மடங்கிக் காற்று உள்ளே புகுந்து மூட்டை மாதிரி உப்பியிருந்தது. நான் கட்டியிருந்தது இரண்டு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. அதில் ஒரு கொக்கி நிமிர்ந்து கழன்று, கதவுக்கு மேலே பெயின்டை ஒரு சாண் நீளத்துக்கு உரித்திருந்தது. அந்தக் கொக்கி பின்னால் வந்த பைக்காரர் முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்ப்பேன். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இது: எலாஸ்டிக் கயிறு தார்பாய் ஆடாமல் பிடிக்க மட்டும்தான், பாரத்தைக் கட்ட இறுக்கிப் பூட்டுகிற நாடா பெல்ட்தான் வேண்டும். தார்பாயின் முன்விளிம்பை மேலே போட்டு விடாமல் சாமானுக்கு அடியில் மடித்துச் செருக வேண்டும், லாரிக்காரர்கள் முன்பக்கத்தைக் கட்டுகிற விதத்தை ஒரு தடவை நின்று பாருங்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது துணிப்பைதான், ஆனால் சும்மா வாங்கிவிடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே வருகிற, கதவுச் சட்டத்தில் பிடிக்கிற குறுக்குக் கம்பி கிடைத்தால் அதன் மேல் பையைக் கட்டுவது உத்தமம். கம்பி இல்லாமல் பெல்ட்டைக் கதவு வழியாகக் காருக்குள் விட்டுக் கட்டுகிற பையும் இருக்கிறது. அதில் ஒரு சங்கடம், மழை பெய்தால் தண்ணீர் அந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிச் சொட்டும், அதுவும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மா தலையில். கொடைக்கானலில் மே மாசக் கோடை மழை சாதாரணம். பை வந்ததும் உள்ளே பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஜிப்பை மூடி, மாடியில் வைத்து ஹோஸ் பைப்பால் பத்து நிமிஷம் தண்ணீர் அடியுங்கள். திறந்து பார்த்தால் தாள் எங்கே நனைந்திருக்கிறது என்று தெரியும், பெரும்பாலும் ஜிப்பும் தையலும்தான். நனைந்தால், திருப்பி அனுப்பக் கொடுத்திருக்கிற நாள் கணக்கு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். கட்டும்போது ஜிப் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

மேலே வைப்பது ஸ்வெட்டர், போர்வை, துணிமணி மட்டும், அதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு. தண்ணீர் கேன், செருப்பு மூட்டை, பலகாரச் சம்படம் எல்லாம் டிக்கியில், பின் சீட்டை ஒட்டி. பாரம் மேலே ஏறினால் கொடைக்கானல் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்வது கைக்கே தெரியும். அம்மா சாப்பிடுகிற மாத்திரையும் பவர் பேங்கும் மே மாச வெயிலில் கூரைக்குப் போகவே கூடாது. டயர் காற்றை முழுப் பாரத்துக்கு உள்ள அளவுக்கு ஏற்றுங்கள், பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கிளம்பி முப்பது கிலோமீட்டரில் கயத்தாறில் ஒரு டீ, அங்கே பெல்ட்டை எல்லாம் இழுத்துப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் முறை வந்துவிட்டது, கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரத்திலிருந்து): பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் சாஸ்தா கோவிலுக்குப் போகிறோம். பொங்கல் வைக்கிற சருவம், விறகு, அரிசி, இலைக்கட்டு என்று ஏகப்பட்ட சாமான். எங்கள் எஸ்யூவியில் கூரை ரெயில் இருக்கிறது. தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி கனமான கேரியர் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலில், உங்கள் வண்டியில் இருக்கிற ரெயில் பாரம் தாங்குகிற ரெயிலா, அழகுக்கு வைத்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் ஓடுகிற பல வண்டிகளில் அது அழகுக்குத்தான். கையேட்டில் அதற்குப் பாரக் கணக்கு இல்லையென்றால் அதை நம்பி ஒன்றும் கட்டக்கூடாது. அடுத்தது, ஆயுசுக்கும் உழைக்கிற இரும்பு என்றால் அதுவே முப்பது கிலோவைத் தொடும், அப்புறம் சாமானுக்கு என்ன இடம்? போல்ட் போடக் கூரையில் ஓட்டை போடலாம் என்று பட்டறையில் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும், உள்கூரைத் துணியில் கறை இறங்கும்.

விறகுக் கட்டு வண்டியின் முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டு இருப்பதும் ஆபத்து. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதித்த அளவைத் தாண்டிச் சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 194-வது பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். சிலர் சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டரையும் கூரையில் படுக்கப்போட்டுக் கட்டுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் வேலை. கோவிலுக்கு வருகிற சொக்காரர்கள் (பங்காளிகள்) நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) வாடகைக்குப் பேசுங்கள். நாலு வீட்டுச் சருவமும் விறகும் அதில் வரட்டும், காரில் மனுஷர்கள் காலை நீட்டி உட்காரலாம். வாடகையை நாலாகப் பங்கு போட்டால் பட்டறைக்காரருக்குக் கொடுப்பதை எட்ட எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (வள்ளியூரிலிருந்து): போன வருஷம் வாங்கிய கேரியர் காரிலேயே இருக்கிறது. எண்பதுக்கு மேல் போனால் ஊய்யென்று ஊளைச் சத்தம், மைலேஜும் குறைந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: கழற்றி வையுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், எண்பதில் இருப்பது நூறுக்குப் போகும்போது ஒன்றரை மடங்குக்கும் மேலே. சும்மா இருக்கிற கேரியரும் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டேதான் போகும், காசு உங்களுடையது. அதோடு நீங்கள் இருக்கிற ஊர் எது? காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் காற்றாலை நிற்பதே அங்கே காற்று அப்படி அடிப்பதால்தானே. ஆனி, ஆடியில் கூரைப் பாரத்தோடு நாகர்கோவில் போனால் பக்கவாட்டுக் காற்று ஸ்டியரிங்கைப் பிடுங்கும், அந்த இடத்தில் அறுபது, எழுபதுக்கு மேல் போகாதீர்கள்.

சாமானோடு போகும்போது வருகிற ஊளைக்கு மருந்து சுலபம். பெல்ட் தட்டையாக இழுபட்டிருந்தால்தான் காற்றில் அதிரும், கட்டும்போது இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டுக் கட்டுங்கள், சத்தம் அடங்கிவிடும். வெறும் கம்பியே ஊளையிட்டால் கம்பியின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், அது விழுந்திருந்தால் குழலில் ஊதுகிற மாதிரிதான் கேட்கும். கழற்றிய போல்ட்டையும் அந்த எல் வடிவச் சாவியையும் ஒரே கவரில் போட்டுக் கம்பியோடே கட்டி வையுங்கள், அடுத்த தடவை கிளம்புகிற காலையில் தேட வேண்டியிருக்காது.