அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அழைப்பு: உதவித்தொகையா, களத்தில் இடமா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகனான தம்பிக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இரண்டு அழைப்புகளின் விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். பெயர்பெற்ற பெரிய பல்கலைக்கழகம் படிப்பு, தங்குமிடம், உணவு ஆகிய எல்லாச் செலவையும் ஏற்பதோடு, விளம்பரங்கள் மூலம் தனி வருமானமும் வரும் என்கிறது. சிறிய பல்கலைக்கழகமோ செலவில் 60 விழுக்காட்டை மட்டும் ஏற்று, முதல் ஆண்டிலேயே அணியின் திறமை வரிசையில் நான்காம் இடத்தில் ஆடலாம் என்கிறது. மீதிப் பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த விளம்பர வருமானத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது உண்மைதான். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, 2025-26 கல்வியாண்டில் அதில் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது. அதைவிட முக்கியமாக, தம்பி போகப்போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் இருப்பவர் உரிய அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒரு கடையின் விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்குவதும் விதிமீறலாகக் கருதப்படலாம். விசா போனால் படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே போய்விடும். பயிற்சியாளர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை; உள்நாட்டு மாணவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே தம்பியிடமும் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, தம்பிக்கு ஆட இடம் கிடைக்குமா என்பதைப் பாருங்கள். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒரு கல்லூரிப் போட்டியில் மூன்று இரட்டையர் ஆட்டங்களும் ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் உண்டு. இரட்டையரில் இரண்டை வெல்லும் அணிக்கு மொத்தமாக ஒரு புள்ளி, ஒற்றையர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, முதலில் நான்கு புள்ளி எடுப்பவர் வெற்றி. சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் அணியில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ஆகவே ஆறு பேர் ஒற்றையர் ஆடும்போது மீதிப் பேர் வேலியோரம் நின்று கைதட்டுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் தம்பிக்கு இப்போதைக்கு எட்டாம் இடம் என்று பயிற்சியாளரே எழுதியிருக்கிறார். காத்திருந்தால் இடம் வரும் என்ற பழைய நம்பிக்கையும் இன்று பலிக்காது. 2024 முதல், படிப்பில் தகுதியோடு இருக்கும் மாணவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்பதால், காலியாகும் இடத்துக்கு வெளியிலிருந்து தேர்ந்த வீரர் ஒருவரை அழைத்து வருவது பயிற்சியாளருக்கு எளிதாகிவிட்டது. பதினெட்டு வயதில் போட்டி அனுபவத்தை இழப்பது, எந்த உதவித்தொகையாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு.

உங்கள் மகனை வளர்த்தெடுப்போம் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள், ஆனால் அதை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு அணிகளிலும் இப்போது இறுதியாண்டில் இருப்பவர்கள் கல்லூரியில் சேர்ந்தபோது அவர்களின் யு.டி.ஆர். (வீரரின் ஆட்டத் திறனைக் காட்டும் மதிப்பீட்டு எண்) எவ்வளவு, இன்று எவ்வளவு என்று தம்பியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நான்கு ஆண்டில் ஏறியவர்கள் எத்தனை பேர், தேங்கியவர்கள் எத்தனை பேர், பாதியில் வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு எத்தனை பேர் பட்டம் பெற்றுப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். சிறிய இடத்தில் சேர்ந்தால் கதவு மூடிவிடும் என்று அஞ்ச வேண்டாம். மதுரையில் பிறந்த தட்சிணேஸ்வர் சுரேஷ், என்.சி.ஏ.ஏ.வில் இல்லாத ஜார்ஜியா குவினெட் கல்லூரியில் ஆடிவிட்டே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; 2025-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது, அதே ஆண்டு டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை இந்தியா வென்றபோது அவரும் வெற்றி தேடித் தந்தார்.

இனிப் பணம். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முன்பு என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்குமே 4.5 உதவித்தொகைகள்தான் உண்டு. அதைத்தான் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு இப்போது இல்லை. ஆகவே சிறிய பல்கலைக்கழகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராவிட்டாலும், தம்பியின் மதிப்பெண்ணுக்குக் கல்வி உதவித்தொகை தனியாகக் கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள். இப்படிக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உதவித்தொகை ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, காயம்பட்டால் தொடருமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது செல்லாது. தங்குமிடம், உணவுக்கான உதவித்தொகை வரிக்கு உட்பட்டது, அதில் 14 விழுக்காடு பிடிக்கப்படலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மதிப்பெண்ணுக்கான உதவியும் சேர்ந்து, உங்கள் பங்கு சேமிப்புக்குள் அடங்கினால் சிறிய பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுங்கள். அடங்காவிட்டால், நான்காம் அல்லது ஐந்தாம் இடம் தரக்கூடிய மூன்றாவது பல்கலைக்கழகம் ஒன்றைத் தேடுவோம். பெரிய பல்கலைக்கழகத்தின் எட்டாம் இடத்துக்கு இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு ஒப்பந்தங்களின் வரைவையும் வாங்கி எனக்கு அனுப்புங்கள், கையெழுத்திடுவதற்கு முன் தம்பியையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துவிடலாம்.