அரேயை ஹிட்டன் ஃபீல்டில் அனுப்புவது எப்படி?

கேள்வி: பயனர் தேர்ந்தெடுத்த பொருள்களின் குறியீடுகள் என் சர்வ்லெட்டில் (சர்வரில் ஓடும் ஜாவா நிரல்) ஸ்ட்ரிங் அரேயாக, அதாவது எழுத்துச் சரங்களின் வரிசையாக, இருக்கின்றன. அதை ஜேஎஸ்பியில் (ஜாவாவில் வலைப்பக்கத்தை உருவாக்கும் கோப்பு) ஒரு ஹிட்டன் ஃபீல்டில் (ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத புலம்) வைத்து அடுத்த சர்வ்லெட்டுக்கு அனுப்பினால், புரியாத எழுத்துகள்தான் வருகின்றன. அரே முழுவதையும் எப்படி அனுப்புவது?

பதில்: ஒரு சதுர அடைப்புக்குறி, 'ஜாவா.லாங்.ஸ்ட்ரிங்', அப்புறம் @ குறி, அதன் பின்னால் சில எண்ணும் எழுத்தும். உங்களுக்கு வந்தது இதுதானே? அது உங்கள் டேட்டாவே இல்லை. அரேயை அப்படியே பக்கத்தில் எழுதச் சொன்னால் ஜாவா அதன் டூஸ்ட்ரிங் மெத்தடை அழைக்கும். அது தருவது வகையின் பெயரும் ஹாஷ்கோடும் (ஜாவா அதற்குத் தரும் ஒரு எண்) மட்டும்தான். ஹிட்டன் ஃபீல்டுக்குள் ஒரே ஒரு ஸ்ட்ரிங்தான் இருக்க முடியும்.

ஆனால் ஒரே பெயரில் எத்தனை ஃபீல்டு வேண்டுமானாலும் ஃபார்மில் வைக்கலாம். ஜேஎஸ்பிக்கான டேக் தொகுப்பான ஜேஎஸ்டிஎல்லின் ஃபார்ஈச் டேகில் அரேயை லூப் ஓட்டி, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஹிட்டன் ஃபீல்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் நேம் 'ஐட்டம்' என்றே இருக்கட்டும். அடுத்த சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் மெத்தடுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், பக்கத்தில் இருந்த அதே வரிசையில் ஸ்ட்ரிங் அரே கிடைக்கும். பலர் பழக்கத்தில் கெட்பாராமீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அது முதல் மதிப்பை மட்டும்தான் தரும். ஒன்றுமே வராவிட்டால் காலி அரே கிடைக்காது, நல் (null, எதுவுமே இல்லை என்பதன் குறி) வரும். அதைச் சோதிக்காமல் லெங்த் கேட்டால் எக்ஸெப்ஷன்தான்.

எல்லாவற்றையும் காற்புள்ளியால் ஒட்டி ஒரே ஃபீல்டில் அனுப்பி, அங்கே ஸ்ப்ளிட் செய்வதும் உண்டு. மதிப்புக்குள்ளேயே ஒரு காற்புள்ளி வந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்கோள்குறியும் இப்படித்தான்: மதிப்பில் அது இருந்தால் ஹெச்டிஎம்எல் பாதியில் உடையும், ஸ்கிரிப்ட் புகவும் வழி திறக்கும். ஜேஎஸ்டிஎல்லின் சி:அவுட் டேக் வழியாகவே எழுதுங்கள், அது இத்தகைய குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றிவிடும்.

குறியீட்டுக்கு ஒரு அரே, அளவுக்கு ஒரு அரே, கூடவே செக்பாக்ஸுக்கு ஒன்று என்று இணையாக அனுப்பினால் கவனம். டிக் செய்யாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ஐந்து பொருளில் இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டால், மூன்றாவதன் டிக் இரண்டாவது இடத்துக்கு வந்து உட்காரும். எர்ரரே வராமல் தவறான பொருள் பதிவாகும். செக்பாக்ஸின் வேல்யூவாகப் பொருளின் குறியீட்டையே வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஹிட்டன் என்றால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான், பாதுகாப்பு இல்லை. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து யாரும் அதை மாற்றி அனுப்பலாம். ஆகவே விலையை அதில் வைக்காதீர்கள். குறியீட்டை மட்டும் அனுப்பி, விலையை டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

மாறவே கூடாத விவரம் என்றால் அரேயை செஷனில் (சர்வரில் அந்தப் பயனருக்கென இருக்கும் சேமிப்பிடம்) வைக்கலாம், ஹிட்டன் ஃபீல்டே வேண்டாம். ஆனால் பயனர் பிரவுசரின் இரண்டு டேப்களில் வேலை செய்தால் ஒன்றின் அரே மற்றதை அழித்துவிடும். உங்கள் தேவைக்கு, ஒரே பெயரில் பல ஹிட்டன் ஃபீல்டுகளே போதும்.