மீள அழைக்கக்கூடிய குண்டு

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

போர் ட்ரோன்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஒரு சிப்பாய் முதுகுப்பையில் சுமந்து செல்லும் சிறிய தாக்குதல் ட்ரோன்களையும் பழைய குண்டுவீச்சு விமானங்களையும் நீங்கள் ஒரே தராசில் வைத்துவிட்டதாக எனக்குப் படுகிறது. இவற்றில் கமரா உண்டு. பொதுமக்கள் தென்பட்டால் கடைசி நேரத்திலும் தாக்குதலைக் கைவிடலாம். இலங்கைப் போர் நடந்த அன்று இவை இருந்திருந்தால் எங்கள் ஊர்களில் இவ்வளவு பேர் இறந்திருக்க மாட்டார்கள் அல்லவா? நான் பொறியியல் படிக்கிறேன். கமராப் படத்தில் பொருள்களை இனங்காணும் மென்பொருளை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்க எண்ணியிருப்பதால் கேட்கிறேன்.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கப் படையினர் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்திய ஸ்விட்ச்பிளேட் 300 என்ற சிறிய தாக்குதல் ட்ரோன் ஏறத்தாழ 2.5 கிலோ எடையுள்ளது. குழாயிலிருந்து வெளியேறியதும் சிறகுகளை விரித்து, மின் மோட்டாரின் வலுவில் சுமார் கால் மணி நேரம் சுற்றிப் பறந்து, இலக்கில் மோதி வெடிக்கும். அதன் வெடிபொருள் ஒரு வீட்டைத் தரைமட்டமாக்கும் அளவினதன்று. இயக்குபவர் நினைத்தால் மோதும் கட்டத்திலும் அதை விலக்கிவிடலாம். முற்றத்தில் பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய பங்கருக்குள் பொம்மர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் ஓயும்வரை ஒடுங்கிக் கிடந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, விமானி கைவிட்ட குண்டை எவராலும் திருப்பி அழைக்க முடியாது என்பது நன்றாகத் தெரியும். ஆகவே அந்த ஒரு வசதியை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் அந்த வசதி குண்டுக்குள் இல்லை. அதை இயக்கும் மனிதரிடம் இருக்கிறது. தெளிவாகப் பார்ப்பவர் விலகிச் செல்வார் என்று நீங்கள் நம்புகிறீர்கள். உக்ரேனின் கெர்சன் நகரில் நடப்பது அந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கிறது. ஆற்றின் மறுகரையிலிருந்து ரஷ்யப் படையினர் ஏவும் சிறிய ட்ரோன்கள் அங்கு தெருவில் நடந்து சென்றவர்களையும் அம்புலன்ஸ்களையும் கமராவில் பார்த்தபடியே துரத்தித் தாக்கின. அத்தாக்குதல்கள் மானிடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று ஐக்கிய நாடுகளின் விசாரணை ஆணைக்குழு 2025இல் முடிவு செய்தது. அங்கே கண் பிழைக்கவில்லை. பார்த்தது யாரை என்று தெரிந்துகொண்டே அடித்தார்கள்.

வன்னியில் 2009 வரை இருந்து மீண்ட எங்கள் உறவினர்கள் வேவு விமானத்தை 'வண்டு' என்றே சொல்வார்கள். அந்த இரைச்சல் தலைக்கு மேல் நின்றால் சற்று நேரத்தில் எறிகணை வரும் என்று அறிந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியிருக்கிறார்கள். பார்ப்பது ஒன்று, அடிப்பது வேறொன்று என்றிருந்ததால் இடையில் கிடைத்த சில நிமிடங்கள் அவை. இன்றைய சிறிய ட்ரோனில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அன்று இவை இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற உங்கள் கேள்விக்கு விடை தேடும்போது அந்த நிமிடங்களையும் கணக்கில் எடுங்கள்.

இவற்றைத் 'தற்கொலை ட்ரோன்' என்று எங்கள் பத்திரிகைகள் எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. ஏவுபவரின் பக்கத்தில் எவரும் சாவதில்லை.

நீங்கள் படிக்கும் துறைக்கு வருகிறேன். இயக்குபவரையும் ட்ரோனையும் இணைப்பது பெரும்பாலும் வானொலி அலை. உக்ரேனில் இரு தரப்பினரும் அதைக் குழப்பும் கருவிகளை முன்னரங்கு எங்கும் நிறுத்தியதால் ஏராளமான ட்ரோன்கள் இலக்கை அடையாமல் விழுந்தன. அதற்குப் பொறியியலாளர்கள் கண்ட வழிகளில் ஒன்று, கட்டளைகளையும் படத்தையும் கடத்தும் மெல்லிய ஒளியிழையைப் பறக்கும் ட்ரோனிலிருந்தே அவிழ்த்துக்கொண்டு செல்வது. அதை வானொலி அலையால் குழப்ப முடியாததால் மனிதரின் கட்டுப்பாடு நீடிக்கிறது. மற்றது, இலக்கைப் படத்தில் ஒருமுறை குறித்துவிட்டால், தொடர்பு அறுந்தாலும் எஞ்சிய தூரத்தை மென்பொருளே கடந்து சென்று மோதும்படி செய்வது. இந்த இரண்டாவது வழியில், அந்தக் கடைசி நொடிகளில் ஒரு சிறுமி சைக்கிளில் குறுக்கே வந்தால் விலக்குவதற்கு எவருமில்லை. நீங்கள் எந்தப் பண்பைப் பாராட்டி எனக்கு எழுதினீர்களோ அதுவே முதலில் கழற்றப்படுகிறது.

இலக்கு இராணுவ இலக்கு அன்று என்று தெரியவந்தால் தாக்குதலைக் கைவிட வேண்டும் என்பது ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறையின் 57ஆம் உறுப்புரையில் உள்ளது. இலங்கை அதில் இணையவில்லை. மனிதர் தலையிடாமல் தாமே இலக்கைத் தாக்கும் தன்னியக்க ஆயுதங்கள் குறித்து ஐ.நா. பொதுச்சபை 2023 டிசெம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எனினும் அவற்றைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வருமுன்னரே மென்பொருள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

செயற்றிட்டத்தைக் கைவிடும்படி நான் சொல்லமாட்டேன். பயிர் நோயைக் கண்டறியவும் கடலில் தத்தளிக்கும் மீனவரைத் தேடவும் அதே கல்வி தேவை. ஆயினும் எவராவது உங்கள் மென்பொருளைப் பறக்கும் கருவியில் பொருத்தக் கேட்டால், தொடர்பு அறுந்ததும் அது திரும்பி வருமா, வெடிக்காமல் விழுமா, அல்லது குறித்த இடத்துக்கே போகுமா என்று கேளுங்கள். அந்த ஒழுங்கை நிரலில் எழுதப்போவது நீங்களா வேறொருவரா என்பதையும் கேட்டு, கிடைக்கும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து