ஹோஸ்ட்நேமைக் கொடுத்து ஐபி எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சி மொழியில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷனுக்கு சர்வரின் பெயரைக் கொடுத்துத்தான் அதன் ஐபி முகவரியை எடுக்கிறேன். சீனியர் வேண்டாம் என்கிறார். ஏன்?

பதில்: அவர் சொல்வது சரிதான் தம்பி. அந்த ஃபங்ஷனுக்கு ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளைத் தேடித் தரத் தெரியாது. லினக்ஸில் விடையை எப்போதும் ஒரே இடத்தில்தான் எழுதி வைக்கும். உங்கள் நிரலுக்குள் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் அதே நேரத்தில் அழைத்தால் உங்கள் விடை மேல் அதன் விடை வந்து உட்கார்ந்துவிடும். யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள். அதே வேலையைச் செய்யும் கெட்ஆட்ர்இன்ஃபோவுக்கு மாறுங்கள். வேலை முடிந்ததும், விடை பிடித்திருக்கும் மெமரியை விடுவிக்க ஃப்ரீஆட்ர்இன்ஃபோ அழைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: சார், பைத்தானில் கெட்ஆட்ர்இன்ஃபோ ஒரே ஐபியை மூன்று முறை தருகிறது. பக்-ஆ?

பதில்: இல்லை. டிசிபி, யுடிபி, ரா என்று சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வகைக்கு ஒன்றாக லினக்ஸ் தருகிறது. வகை சாக்-ஸ்ட்ரீம் (டிசிபி) என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், ஒன்றுதான் வரும்.

கேள்வி: வேறு வேறு ஐபிகள் வந்தால்? நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஒரு பெயருக்கு ஒரு முகவரி என்று எந்த விதியும் இல்லை, வருவது பட்டியல். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிரவுசரில் திறக்கும் தளம் எங்கள் நிரலில் மட்டும் டைம்அவுட் ஆனது. அரை நாள் தேடினோம். முதலில் வந்தது ஐபிவி6 முகவரி, அந்த நெட்வொர்க்கிலோ ஐபிவி6 வெளியே போகவில்லை. பிரவுசர் அடுத்த முகவரிக்குப் போனது, நாங்கள் போகவில்லை. அதனால் லூப் போட்டு, வரிசைப்படி ஒவ்வொன்றாக கனெக்ட் செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சின்ன டைம்அவுட் வையுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் என் மெஷின் பெயரையே கொடுத்தால் மெஷின் தன்னையே குறிக்கும் 127.0.1.1 வருகிறதே?

பதில்: பெயருக்கு முகவரி சொல்லும் நெட்வொர்க் சேவையான டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் மெஷினிலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத்தான் பார்க்கும், அந்த வரி அங்கே இருக்கிறது. வெளியே போகும் முகவரி வேண்டுமென்றால் ஒரு யுடிபி சாக்கெட்டை 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு கனெக்ட் செய்து, அந்த சாக்கெட்டின் சொந்த முகவரியை கெட்சாக்நேம் மூலம் கேளுங்கள். பாக்கெட் எதுவும் போகாது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் உள் நெட்வொர்க் ஐபிதான் கிடைக்கும்.

கேள்வி: கண்டுபிடித்த ஐபியை கான்ஃபிக்கில் எழுதி வைத்துவிடலாமா? ஒவ்வொரு முறையும் தேட வேண்டாமே.

பதில்: வேண்டாம்மா. சர்வரை மாற்றினால் டிஎன்எஸ்ஸில் மாற்றுவார்கள், உங்கள் கான்ஃபிக்கில் யார் மாற்றுவார்கள்? ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழும் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும், ஐபியில் போனால் பிழை வரும். பெயரை எழுதுங்கள், கனெக்ட் செய்யும்போது தேடுங்கள்.