ஊதியதோடு வழக்கு முடிவதில்லை: கேள்வி பதில்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு உதவி வழக்கறிஞராகப் பல வருடம் நின்றவன் நான். குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளில் ஜெயித்தும் இருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

திருச்சி: ப்ரீத் அனலைசரில் 38 வந்தது சார். நான் நேராகத்தான் ஓட்டினேன். இதை வைத்துத் தண்டிக்க முடியுமா?

முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், தள்ளாடினீர்களா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஊதிய முடிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 203வது பிரிவு சொல்கிறது. ஆனால் கருவி மத்திய அரசு அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும், ஊதும் முன் அது பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டாத கருவியின் முடிவை நம்ப முடியாது என்று 2025ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தக் குற்றச்சாட்டையே ரத்து செய்தது. கருவி தந்த பிரிண்ட்டை எடுத்து, ஊதும் முன் பூஜ்யம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சேலம்: எத்தனை பெக் வரை 30 தாண்டாது?

சொல்ல மாட்டேன். உடம்புக்கு உடம்பு, சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஏற்ப மாறும். குடித்தால் ஓட்டாதீர்கள்.

மதுரை: விபத்து வழக்கில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தும் எப்படி விடுதலை ஆகிறார்கள்?

ரிப்போர்ட் கடைசிக் காகிதம். அதற்கு முன்னால் இருக்கும் சங்கிலியில்தான் வழக்கு அறுந்து போகிறது. யார் எடுத்தார், எத்தனை மில்லி, எந்தப் பாட்டில், யார் சீல் வைத்தார், ஸ்டேஷனில் எங்கே இருந்தது, யார் லேபுக்குக் கொண்டு போனார், எல்லாவற்றுக்கும் ஒரு ஆளும் ஒரு நேரமும் வேண்டும். நடிகர் சல்மான் கானின் 2002 மும்பை விபத்து வழக்கைப் பாருங்கள். ரத்தத்தில் 62 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் இருந்தது, செஷன்ஸ் கோர்ட் 5 ஆண்டு தண்டனையும் கொடுத்தது. 2015 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. முக்கிய சாட்சியை நம்ப முடியவில்லை என்பது ஒரு காரணம். அதோடு எடுத்ததாகச் சொன்ன ரத்தம் 6 மில்லி, ஆய்வாளர் கைக்கு வந்தது 4 மில்லி என்ற கேள்வியும் எழுந்தது.

நான் நடத்திய ஒரு வழக்கிலும் இதேதான். பாட்டில் இரண்டு நாள் யாரிடம் இருந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். கான்ஸ்டபிள் தலை குனிந்து நின்றார். செத்துப்போனவரின் மனைவி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஈரோடு: ரத்தம் கொடுக்க மறுத்தால் வழக்கு நிற்காது என்கிறார்களே?

தப்பு. காரணம் இல்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக எடுக்கலாம் என்கிறது 205வது பிரிவு. கைதானவரை டாக்டர் பரிசோதிக்கும்போது நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்புறம் பலர் குழப்பிக்கொள்ளும் 2 மணி நேரக் கணக்கு: கைதாகி 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்காவிட்டால் காவலில் இருந்துதான் விட வேண்டும், வழக்கே போய்விடாது.

கோவை: என் தம்பியை இடித்தவன் நிற்க முடியாமல் நின்றதை நாலு பேர் பார்த்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை என்று போதைக் குற்றச்சாட்டு நிற்காமல் போய்விட்டது. இதுவா சார் நியாயம்?

நியாயம் இல்லை. ஆனால் வாடை, தள்ளாட்டம், குளறல் எல்லாம் இருந்தும் ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்காததால் போதை நிரூபணம் ஆகவில்லை என்று 1971லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சென்னை வக்கீல்: அது சரியான தீர்ப்பு. போலீஸ் வேலை செய்யாததற்கு என் கட்சிக்காரர் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும்? தலையில் அடிபட்டவனும்தான் தள்ளாடுவான்.

ஒத்துக்கொள்கிறேன், சர்க்கரை இறங்கியவனும் தள்ளாடுவான். அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்று கத்துகிறேன். ஆனால் சீல் இல்லை என்பதும் குடிக்கவில்லை என்பதும் ஒன்றல்ல வக்கீல் சார்.

கோவை (மறுபடி): அப்படியானால் எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது தம்பி. போதைக்கான 185வது பிரிவு நிற்காமல் போனால் எல்லாமே போனதாக நினைக்காதீர்கள். அஜாக்கிரதையால் மரணம் என்ற பாரதிய நியாய சம்ஹிதா, அதாவது புதிய தண்டனைச் சட்டத்தின், 106வது பிரிவுக்கு ஆல்கஹால் அளவே தேவையில்லை. வேகம், பிரேக் தடம், சிசிடிவி, எந்தப் பக்கம் ஏறினான் என்பது போதும், 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. போதையும் நிரூபணமானால் அதைவிடப் பெரிய குற்றமாகவும் ஆகலாம். 2006ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் செத்த வழக்கில், மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்த குற்றம் என்ற முடிவையும் 3 ஆண்டு சிறையையும் 2012ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சிசிடிவி அழியும் முன் எழுத்தில் மனு கொடுங்கள், கொடுத்த நேரத்தோடு ரசீது வாங்குங்கள்.

நாமக்கல்: ரெண்டு பீர் மட்டும்னா?

மேலே சேலத்துக்குச் சொன்னதுதான்.

வேலூர்: கஞ்சா அடித்திருந்தால்?

அதற்கு 30 மாதிரி எண் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். சிறுநீரில் பல நாள் கழித்தும் தெரியும் என்பதால் அது மட்டும் போதாது.

தஞ்சாவூர்: பின்னால் உட்கார்ந்தவர் மேலும் கேஸ் போடலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 188வது பிரிவு, தூண்டுதல். தூண்டியதைக் காட்டினால்தான் நிற்கும்.

கடலூர்: இன்சூரன்ஸ் பணம் வருமா?

அது வேறு கோர்ட், வேறு அளவுகோல். டெஸ்ட் இல்லாமலே சூழ்நிலையை வைத்து நிறுவனம் போதையைக் காட்டலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் துறை வக்கீலைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனை நைட் டூட்டி டாக்டர்: "வாடை அடிக்கிறது" என்று எழுதினால் போதாதா சார்?

போதாது அம்மா. பேச்சு, கண்மணி, நடை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். சோடியம் ஃபுளோரைடு போட்ட பாட்டிலில் எடுங்கள், இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே ஆல்கஹால் அளவு மாறும். எடுத்த நேரம், சீல் வைத்த நேரம், வாங்கிப்போன கான்ஸ்டபிளின் எண், அவர் கையெழுத்து. வார்டில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.